எண்ணெய்க் கொப்பரையில் ஒரு மந்திரி

சீனர் காலையிற் கஞ்சியோடு உண்ணும் பொரித்த மாவுக்கோலைக் காப்பிக் கடைகளிற் காணாதார் நம்மில் இலர். இரண்டு மாவுத் துண்டுகளை ஒன்றன்மேலொன்றாக ஒட்டி, இழுத்து நீட்டிக் கொதிக்கும் எண்ணெயில் இடுவர். கன்டோனியர் இதனை ‘எண்ணெயிற் பொரித்த பேய்’ என்றழைப்பர். அந்தப் பேய் யார்?

சுங் அரசின் மந்திரி சின் குவெய் என்பதே சீனர் வழக்கு. வடசீனத்தைக் கவர்ந்த ஜூர்ச்சென்களை எதிர்த்து நின்ற தளபதி யுவே ஃபெய், 1142ஆம் ஆண்டில் சிறையிற் கொல்லப்பட்டான். குற்றத்திற்குச் சான்று யாதெனக் கேட்டதற்கு, ‘இருக்கலாம்’ என்றானாம் மந்திரி. வெகுண்ட மக்கள் அவனையும் அவன் மனைவியையும் மாவினாற் செய்து பொரித்துத் தின்றனராம். கதைதான், பலகாரத்தின் பிறப்புக்கு அது சான்றாகாது.

ஆயினும் அக்கதையில் அரசன் எங்கே? 1141இல் ஜூர்ச்சென்களோடு உடன்படிக்கை செய்து, ஆண்டுதோறும் 2,50,000 தாகில் வெள்ளியும் 2,50,000 பட்டுச் சுருள்களும் கப்பங்கட்ட இசைந்தவன் அரசன் காவ்ட்சுங் அன்றோ? ஹாங்சௌ நகரிலுள்ள யுவே ஃபெய் கல்லறைமுன் மந்திரி, அவன் மனைவி, கூட்டாளிகள் இருவர் ஆகிய நால்வரே இரும்புச் சிலைகளாய் மண்டியிட்டிருக்கின்றனர். சின் குவெய் 1155இல் இறந்தான். அதன்பின் ஏழாண்டு ஆண்ட காவ்ட்சுங், தளபதியின் பழியைத் துடைத்தானில்லை. 1162இல் அவன் அரியணை துறந்தபின், அடுத்து வந்த அரசனே அதனைச் செய்தான்.