தற்செயலா, தற்கொலையா

‘தன்’ என்ற சொல்லோடு காப்பு சேர்ந்தால் தற்காப்பு, பெருமை சேர்ந்தால் தற்பெருமை. அதே புணர்ச்சியில் பிறந்த இரட்டைப் பிள்ளைகள் தற்செயலும் தற்கொலையும். தற்செயலில் உள்ள ‘தன்’ யாரையும் சுட்டுவதில்லை. தானாக நடந்தது, அவ்வளவுதான். தற்கொலையில் அதே ‘தன்’ இறந்தவரை நோக்கி விரல் நீட்டுகிறது. இங்கிலாந்தின் கொரோனர் என்ற அதிகாரி, இந்த இரண்டு ‘தன்’னுக்கும் நடுவே எண்ணூறு ஆண்டுகளுக்கும் மேலாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்.

அவர் பெயரில் சாவு இல்லை, கிரீடம் இருக்கிறது. லத்தீனில் கொரோனா என்றால் கிரீடம்; பின்னாளில் வைரஸுக்குப் போய்ச் சேர்ந்ததும் இதே சொல்தான். 1194இல், ஒவ்வொரு மாவட்டத்திலும் மூன்று நைட்டுகளும் ஒரு எழுத்தரும் அரசரின் வழக்குகளைக் காக்க வேண்டும் என்று ஆணை பிறந்தது. சிறைப்பட்டிருந்த ரிச்சர்ட் மன்னரைப் பெரும் பணயத்தொகை கொடுத்து மீட்டு வந்த வருடம் அது. கஜானா வறண்டு கிடந்தது. ஆகவே கொரோனர் பிணத்தைப் பார்க்க வந்தது துக்கம் விசாரிக்க அல்ல, வரவு பார்க்க. வண்டி ஏறி ஒருவர் செத்தால் அந்த வண்டிக்கு விலை மதித்து, அரசருக்குச் சேர வேண்டியது என்று எழுதிக்கொள்வார். 1846இல்தான் அந்த வழக்கம் சட்டத்திலிருந்து போனது.

தன்னைத்தானே கொன்றவருக்கு அன்றைய சட்டம் வைத்த பெயர் ‘ஃபெலோ டி சே’. தனக்கே பெருங்குற்றம் இழைத்தவர் என்று பொருள். குற்றவாளியின் உடைமை அரசருக்கு. எனவே கொரோனர் எழுதும் சொல்லைப் பொறுத்துத்தான் வீட்டில் பானை சட்டி மிஞ்சுவதும் மிஞ்சாததும். 1554இல் சர் ஜேம்ஸ் ஹேல்ஸ் என்ற நீதிபதி நீரில் மூழ்கி இறந்தார். விசாரணையில் ஃபெலோ டி சே என்று முடிவானதும் அவருடைய குத்தகை நிலம் பறிபோயிற்று. அவர் மனைவி மார்கரெட் வழக்குத் தொடுத்துத் தோற்றார். ஒரு செயலில் நினைப்பு, தீர்மானம், நிறைவேற்றம் என மூன்று கூறு உண்டென்று அந்த வழக்கில் வாதம் நடந்தது. ‘ஹாம்லெட்’ நாடகத்தில் குழிவெட்டி பேசும் கோணல் சட்டம் இந்த வழக்கின் மீதான கிண்டல் என்று கருதுவோர் பலர். சிரிப்பு ஒருபுறம் இருக்கட்டும். மனத்துக்குள் நடந்ததை வெளியே நடந்ததிலிருந்து பிரித்துப் பார்க்கத்தான் வேண்டும் என்பதை அந்த வக்கீல்கள் சரியாகவே பிடித்திருந்தார்கள் என்பேன்.

கொரோனர் விசாரணையில் முடிவு சொல்லும் ஊர் ஜூரிகளுக்கு வேறு வழி கிடைத்தது. இறந்தவர் அந்நேரம் சித்தம் கலங்கியிருந்தார் என்று சொல்லிவிட்டால் குற்றமில்லை, பறிமுதலும் இல்லை. பதினேழாம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து இந்த முடிவு மேலும் மேலும் பெருகியது. அவர்கள் பொய் சொன்னார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. விதவையின் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்கள். 1822இல் வெளியுறவு அமைச்சர் காசல்ரே இறந்தபோதும் அப்படியே முடிவானது. அவரை வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அடக்கம் செய்தார்கள். அதேபோல இறந்த ஆதரவற்ற ஏழையை நாற்சந்தியில் புதைத்துவந்த நாடு அது. அடுத்த ஆண்டே நாற்சந்திப் புதைப்பைச் சட்டம் நிறுத்தியது. 1870இல் பறிமுதல் போயிற்று. 1961இல் குற்றம் என்ற பெயரே போயிற்று.

‘சூயிசைட்’ என்பது பதினேழாம் நூற்றாண்டில் லத்தீன் துண்டுகளை ஒட்டிச் செய்த சொல்: தன், கொல்லுதல். நம் தற்கொலையும் அதே அளவெடுத்துத் தைத்த சட்டை. பழந்தமிழில் வடக்கிருத்தல் என்றொரு சொல் உண்டு. அது திசையைச் சொல்லும், இருப்பைச் சொல்லும், கொலையைச் சொல்லாது.

குற்றம் போன பிறகும் அதன் நிழல் போகவில்லை. கொலை வழக்கில் கேட்கும் அளவுக்கு ஐயம் திரிபற்ற நிரூபணம் இருந்தால்தான் கொரோனர் ‘தற்கொலை’ என்று எழுதலாம் என்ற விதி நீடித்தது. ஆக்ஸ்ஃபோர்ட்ஷயர் சிறையொன்றில் நடந்த மரணம் பற்றிய வழக்கில், 2020 நவம்பரில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் அதை மாற்றியது. ‘இல்லை என்பதைவிட ஆம் என்பதற்கே வாய்ப்பு அதிகம்’ என்றால் இப்போது போதும்.

கேள்விகள் இரண்டுதான். செயலைச் செய்தவர் இறந்தவரேதானா? சாக வேண்டும் என்றே செய்தாரா? முதல் கேள்விக்குப் பிரேதப் பரிசோதனையும் ரத்தப் பரிசோதனையும் பெரும்பாலும் பதில் தந்துவிடும். இரண்டாவதற்குக் கொரோனரின் மேசையில் வந்து சேர்பவை சில்லறைப் பொருள்கள்: செல்போனில் கடைசியாகப் போன செய்திகள், குடும்ப மருத்துவரின் குறிப்பேடு, அடுத்த வாரத்துக்கு வாங்கிவைத்த பல் மருத்துவர் அப்பாயின்ட்மென்ட், சட்டைப்பையில் திரும்பி வருவதற்கும் சேர்த்து எடுத்த ரயில் டிக்கெட். அந்த டிக்கெட்டை எப்படிப் படிப்பது? திரும்பி வர நினைத்தார் என்றா, வழக்கமாக எடுப்பதைக் கை தானாக எடுத்தது என்றா? இரண்டும் நடக்கும். கடிதம் இருந்தால் சான்றுதான். ஆனால் கடிதம் இல்லாததால் எதுவும் தீர்ந்துவிடாது. தற்கொலை என்று ஊகித்துவிடக் கூடாது, சான்று வேண்டும் என்று 1970இலேயே ஒரு தீர்ப்பு சொல்லியிருக்கிறது. எந்தப் பக்கமும் தராசு சாயாவிட்டால் ‘ஓப்பன்’ என்று எழுதிக் கோப்பை மூடுவார்கள். மூடிய கோப்பின் மேல் ‘திறந்தது’ என்று எழுதியிருப்பது எனக்கு எப்போதும் விசித்திரமாகப் படும்.

இந்தியாவில் ஆங்கிலேயர் ஊன்றிய நகரங்களுக்கும் இந்தப் பதவி வந்தது. சென்னையில் பத்தொன்பதாம் நூற்றாண்டோடு முடிந்தது. மும்பையில் 1999 வரை இருந்தது. தமிழ்நாட்டில் அந்த வேலையைப் போலீஸ் விசாரணை எடுத்துக்கொண்டது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அதற்கான பிரிவு எண் இப்போது 194 ஆகிவிட்டாலும் ஸ்டேஷன் பேச்சில் அது இன்னும் ‘174 கேஸ்’தான்.

கொரோனருக்கு நேரான தமிழ்ப் பெயர் வாழ்வது இலங்கையில். யாழ்ப்பாணத்துப் பத்திரிகைகளில் ‘திடீர் மரண விசாரணை அதிகாரி’ அடிக்கடி வருவார். ‘கொலை’ என்ற சொல்லைத் தவிர்க்க அங்கே ஒரு வாடிக்கைத் தொடரும் உண்டு: ‘தவறான முடிவெடுத்து’ உயிரை மாய்த்தார். இதமான தொடர்தான். ஆனால் கொரோனர் தேடித் தேடிக் களைக்கும் அந்த ‘முடிவெடுத்து’ அதில் முதலிலேயே வந்து உட்கார்ந்துவிடுகிறது. செய்தியின் தலைப்பில் அது இருக்கும்; கடைசி வரியில், அதிகாரி விசாரணையை மேற்கொண்டு வருகிறார் என்றிருக்கும்.