அபாயம் என்னும் சொல்: வழக்கும் ஸம்ப்ரதாயப் பொருளும்

தொண்டைநாட்டுத் திவ்யதேசமான திருநீர்மலை, நீர் சூழ்ந்து நின்றமையால் அப்பெயர் பெற்றது. திருமங்கையாழ்வார் எழுந்தருளியபோது வெள்ளம் வழிமறிக்க, அது வடியுமளவும் ஆறு மாதம் காத்திருந்து ஸேவித்தார் என்பது தலவரலாறு.

இன்று அதனை ‘வெள்ள அபாயம்’ என்போம். 2015 டிசம்பரில் அடையாறு பெருகியபோது சென்னைப் புறநகரெங்கும் கேட்ட சொல் அது. ரயில் பெட்டியில் அபாயச் சங்கிலி, மின்கம்பத்தில் அபாயப் பலகை. இவ்வழக்கில் அபாயமாவது ஆபத்து. இப்பொருளையே கொண்டு ரஹஸ்ய க்ரந்தங்களை வாசித்தால் பொருள் பிறழும்.

‘இ’ என்னும் தாது செல்லுதலைக் குறிக்கும். ‘அப’ முன்வர, விலகிச் செல்லுதல் அபாயம். ‘உப’ முன்வர, அணுகுதல் உபாயம். பாணினி (1.4.24) ஐந்தாம் வேற்றுமைக்குரிய அபாதானத்தை விளக்குகையில், அபாயத்தில் நிலைத்து நிற்பது எதுவோ அது என்கிறார். மரத்தினின்று இலை விழுகையில் இலைக்கு அபாயம், மரம் நிலைபொருள். நன்னூலார் ஐந்தாம் வேற்றுமைக்குக் கூறும் நீங்கற்பொருளும் இதுவே. கீதையில் (2.14) இச்சொல் வந்து போகும் தன்மையைக் குறிக்கும் தொடரில் பயில்கிறது, அங்கும் போதலே பொருள், அச்சமன்று.

பாஞ்சராத்ர நூலாகிய லக்ஷ்மீ தந்த்ரம், சாஸ்த்ரம் விதித்த ஸாதனங்களை உபாயம் என்றும், விலக்கியவற்றை அபாயம் என்றும் வகுத்து, இரண்டையும் விட்ட நடுநிலையைப் பற்றச் சொல்லும். அந்நடுநிலையே சரணாகதி. நிஷித்தம் அபாயமாவது தண்டனை தருவதனால் மட்டுமன்று. ஆத்மாவை எம்பெருமானிடமிருந்து அகற்றுவதனாலுமாம். அகல்பவன் சேதனன், நிலைத்து நிற்பவன் அவனே.

ஆகவே ஆபத்து வேறு, அபாயம் வேறு. 1323இல் திருவரங்கம் படையெடுப்புக்கு உள்ளானபோது, பிள்ளை லோகாசார்யர் முதிர்ந்த வயதில் நம்பெருமாளை எழுந்தருளப்பண்ணிக்கொண்டு தெற்கே சென்று, ஜ்யோதிஷ்குடியில் பரமபதித்தார். திருமேனிக்கு வந்த ஆபத்துக்கு எல்லையில்லை. ஆயினும் பெருமாளைப் பிரியாதிருந்தமையால் அங்கே அபாயம் இல்லை.

திருநீர்மலையில் ஆழ்வாரைத் தடுத்த வெள்ளமும் அத்தகையதே. நீர் வழியை மறித்தது, அவரைத் திருப்பவில்லை. ஸேவியாது மீண்டிருந்தாரேல், அதுவன்றோ அபாயம்!