மீக்கடத்திப் பழுதுமின்னோட்டக் கட்டுப்படுத்தி: பொருத்தும் இடம் பற்றிய ஒரு வாதம்

நகரத்தின் மின்தேவை கூடும்போது துணைமின் நிலையத்தில் மின்மாற்றிகளை இணையாகச் சேர்க்கிறோம். வழங்கல் உறுதிப்படுகிறது. ஆனால் மின்மறிப்பு குறைவதால் குறுக்குச்சுற்று மின்னோட்டம் ஏறுகிறது. அதன் முதல் உச்சம், 50 ஹெர்ட்ஸ் அமைப்பில், ஏறக்குறைய 10 மில்லிசெகண்டில் வந்துவிடும். ரிலே உணர்ந்து சர்க்யூட் பிரேக்கர் மின்னோட்டத்தை அறுப்பதற்கு அதைப்போலப் பல மடங்கு நேரம் பிடிக்கும். கடத்திகளுக்கிடையிலான விசை மின்னோட்டத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் வளர்வதால், பஸ்பாரின் மீது விழும் அந்த முதல் அடியைப் பிரேக்கரால் தடுக்க இயலாது. தொடர் ரியாக்டர் தடுக்கும். ஆனால் பழுதில்லாத நாள்களிலும் மின்னழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே இருக்கும்.

மின்தடை வகை மீக்கடத்திக் கட்டுப்படுத்தியின் சிறப்பு இங்கேதான். யிட்ரியம் பேரியம் காப்பர் ஆக்சைடு பூசிய நாடா, 77 கெல்வின் திரவ நைட்ரஜனில், இயல்பான மின்னோட்டத்துக்கு ஏறத்தாழத் தடையே தருவதில்லை. மின்னோட்டம் மாறுநிலை அளவைத் தாண்டியதும் கட்டளை எதுவுமின்றி மீக்கடத்தும் தன்மையை இழந்து தடையாகிவிடுகிறது. சுவிட்சர்லாந்தின் லொன்ச் நீர்மின் நிலையத்தில் 1996இல் பொருத்திய தூண்டல் வகைக் கருவிக்கும், ஜெர்மனியின் நெட்ஃபனில் 2004இல் இயங்கத் தொடங்கிய 10 கிலோவோல்ட் மின்தடைக் கருவிக்கும் பிறகு, மீக்கடத்தியால் இது இயலுமா என்று ஐயுறத் தேவையில்லை.

ஆராய வேண்டியது வெப்பம். பழுதின்போது கட்டத்தின் மின்னழுத்தம் பெரும்பாலும் நாடாவின் மீதே விழுகிறது. மீட்டருக்கு 50 வோல்ட் தாங்கும் என்று கொண்டால், 10 கிலோவோல்ட் தொடரில் கட்டத்துக்கு 5,800 வோல்ட், அதாவது ஒரு பாதைக்குச் சுமார் 115 மீட்டர் நாடா. 220 கிலோவோல்ட் என்றால் இரண்டரை கிலோமீட்டர். மின்னோட்டத்துக்கேற்ப இணைப்பாதைகளும் பெருகும். நீளத்தைக் குறைத்தால் நாடா கருகும். போதிய நீளம் இருந்தாலும், பழுது விலகிய உடனே அது மீள்வதில்லை. குளிர அவகாசம் வேண்டும்.

2014இல் ஜெர்மனியின் எசன் நகரில் திறக்கப்பட்ட ஆம்பாசிட்டி திட்டத்தை இந்தக் கண்ணோடுதான் படிக்க வேண்டும். 110 கிலோவோல்ட் கேபிளின் வேலையை, 10 கிலோவோல்ட்டில் 40 மெகாவோல்ட்-ஆம்பியர் கடத்தும் ஒரு கிலோமீட்டர் மீக்கடத்திக் கேபிள் அங்கே செய்தது. கட்டுப்படுத்தி அதனுடன் தொடராக இணைந்து அதைக் காத்தது. சிறந்த பொறியியல், ஐயமில்லை. ஆனால் தொடராக நிற்கும் கருவி குளிரும்வரை அந்தப் பாதை முழுவதும் காத்திருக்கிறது.

இரு பஸ்பார்களை இணைக்கும் கப்ளரில் அதே கருவியை வைத்தால் நிலைமை மாறுகிறது. அங்கே இயல்பாகப் பாயும் மின்னோட்டம் பெரும்பாலும் குறைவு. எனவே இணைப்பாதைகளும் குறையும். பழுதுக்குப் பின் கப்ளரைத் திறந்துவிடலாம். கருவி நிதானமாகக் குளிரும். பழுதில்லாத பக்கம் தன் மின்மாற்றியிலிருந்து தொடர்ந்து வழங்கும். புதிய பிரேக்கர்களுக்கான செலவும் தள்ளிப்போகிறது.

மாஸ்கோவின் ம்னெவ்னிகி துணைமின் நிலையத்தில் 2019இல் இயங்கத் தொடங்கிய 220 கிலோவோல்ட் கட்டுப்படுத்தியைச் சிலர் மறுப்பாகக் காட்டக்கூடும். உயர் மின்னழுத்தத்திலும் இயலும் என்பதை அது நிறுவியது உண்மை. மேலே கணக்கிட்ட நாடா நீளத்தை அது அழித்துவிடவில்லை. குளிரூட்டலுக்கான செலவு ஆண்டு முழுவதும் தொடரும்போது, நாடாவின் விலை இறங்கும்வரை, நடுத்தர மின்னழுத்தக் கப்ளரே இக்கருவிக்கு முதல் இடம்.