சாயத்திலிருந்து சிகரெட்டுக்கு: சிறுநீர்ப்பைப் புற்றுநோயின் தடம்

சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கு வேதிப்பொருள் காரணமாகலாம் என்ற சந்தேகம் முதலில் எழுந்தது ஜெர்மனியின் சாயத் தொழிலில். நிலக்கரித் தாரில் கிடைக்கும் அனிலினைக் கொண்டு 1856இல் வில்லியம் பெர்க்கின் ஊதாச் சாயம் உண்டாக்கியபின் ஐரோப்பாவில் செயற்கைச் சாய ஆலைகள் பெருகின. ஃபுக்ஸின் என்ற செஞ்சாயம் தயாரித்த தொழிலாளர்கள் சிலருக்குச் சிறுநீர்ப்பையில் கட்டி இருப்பதை 1895இல் ஃப்ராங்க்ஃபர்ட் அறுவை மருத்துவர் லூத்விக் ரேன் அறிவித்தார். அவர் பழியை அனிலின்மீது போட்டார். உண்மையான குற்றவாளிகள் அதன் உறவுப் பொருள்களான 2-நாஃப்தைலமினும் பென்சிடினும். 1921இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு இவ்விரண்டையும் சுட்டிக்காட்டியது. 1938இல் வில்ஹெல்ம் ஹூப்பர் 2-நாஃப்தைலமினைக் கொடுத்து நாய்களுக்கு அதே கட்டியை வரவழைத்துக் காட்டினார். அப்படியும் பிரிட்டனில் அதன் உற்பத்தி நின்றது 1949இல்தான். வேலைக்குச் சேர்ந்து இருபது ஆண்டுக்குப் பிறகும் வெளிப்படும் நோய் என்பதால் முதலாளிகள் கண்ணை மூடிக்கொள்ள முடிந்தது. அந்த அரை நூற்றாண்டுத் தாமதத்துக்குத் தொழிலாளர்கள் உயிரை விலையாகக் கொடுத்தார்கள்.

ஆலைப் பக்கமே போகாதவர்களுக்கும் இந்நோய் வந்தது. புகைப்பவர்களிடம் அது கூடுதலாக இருப்பதை 1950களில் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டனர். பின்னர் சிகரெட் புகையைப் பகுத்துப் பார்த்தபோது அதே 2-நாஃப்தைலமினும், அதைப்போலவே கொடிய 4-அமினோபைஃபினைலும் அகப்பட்டன. அளவு மிகச் சிறிது. ஆனால் பல்லாண்டுகள் அன்றாடம் உள்ளே போகிறது. நுரையீரல் வழியாக இரத்தத்தில் கலக்கும் இப்பொருள்களைக் கல்லீரல் மாற்றியமைக்கிறது, சிறுநீரகம் வெளியேற்றுகிறது. சிறுநீர்ப்பையில் அவை மணிக்கணக்கில் தேங்கி, உட்சுவரைத் தொட்டபடியே இருக்கின்றன.

புகைக்கும் எல்லாருக்கும் இந்நோய் வருவதில்லை. அதற்கான விளக்கத்தின் ஒரு பகுதி காசநோய் மருத்துவத்திலிருந்து வந்தது. 1952இல் ஐசோநயாசிட் மாத்திரை புழக்கத்துக்கு வந்ததும், ஒரே அளவு மருந்து சிலர் உடலில் விரைவாகவும் சிலர் உடலில் மெதுவாகவும் செயலிழப்பது தெரிந்தது. 1956இல் தொடங்கிய சென்னைக் காசநோய் மருந்துச் சிகிச்சை மையமும் இதை ஆராய்ந்தது. தென்னிந்திய நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டோர் மெதுவான வகையினர். இந்த வேகம் பிறவியிலேயே வருவது. என்.ஏ.டி.2 என்ற மரபணு உருவாக்கும் கல்லீரல் நொதியே அதைத் தீர்மானிக்கிறது. அதே நொதிதான் 2-நாஃப்தைலமின் போன்றவற்றின் நஞ்சையும் முறிக்கிறது. அது மந்தமாக இருந்தால் நஞ்சின் பெரும்பங்கு வேறு வழியில் மாறி, வீரியத்தோடு சிறுநீர்ப்பைக்குப் போய்ச் சேர்கிறது.

1982இல் இங்கிலாந்தின் யார்க்ஷயர் பகுதியில், வேலையில் இத்தகைய வேதிப்பொருள்களோடு புழங்கிச் சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கு ஆளான 23 பேரைச் சோதித்தார்கள். அவர்களில் 22 பேர் மெதுவான வகை. அந்நாட்டு மக்களில் அவ்வகையினர் ஏறக்குறைய பாதிப்பேர்தான் என்பதை வைத்துப் பார்த்தால் இந்த எண்ணின் கனம் புரியும். ஆனால் சீனாவில் பென்சிடின் ஆலைத் தொழிலாளர்களை ஆராய்ந்து 1993இல் வெளியான முடிவில் மெதுவான வகையினருக்குக் கூடுதல் ஆபத்து காணப்படவில்லை. பென்சிடினை உடல் கையாளும் விதம் வேறு. ஆக, ஒரு மரபணுவைப் பொதுவாக நல்லது, கெட்டது என்று முத்திரை குத்த முடியாது. எந்த நஞ்சு உள்ளே போகிறது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

ஸ்பெயினில் ஆயிரத்துக்கு மேற்பட்ட நோயாளிகளைக் கொண்டு நடந்து 2005இல் வெளியான ஆய்வு இதை இன்னும் தெளிவாக்கியது. மெதுவான வகையினருக்கு ஆபத்து 1.4 மடங்கு, நஞ்சு நீக்கும் மற்றொரு மரபணுவான ஜி.எஸ்.டி.எம்.1 அறவே இல்லாதவர்களுக்கு 1.7 மடங்கு. ஆனால் என்.ஏ.டி.2 வேறுபாட்டின் பாதிப்பு புகைப்பழக்கம் உள்ளவர்களிடம் மட்டுமே தென்பட்டது, புகைக்காதவர்களிடம் இல்லை. புகையின் தனிப் பங்கோ இவற்றைவிடப் பெரிது. 2011இல் வெளியான அமெரிக்க ஆய்வின்படி, ஒருபோதும் புகைக்காதவர்களோடு ஒப்பிட்டால், தொடர்ந்து புகைப்பவர்களுக்கு ஆபத்து சுமார் நான்கு மடங்கு, விட்டுவிட்டவர்களுக்குச் சுமார் இரண்டு மடங்கு.