நோய்க் காப்புறுதிப் பத்திரமும் அரசின் கண்காணிப்பும்

ஆயுள் காப்புறுதியில் வழக்குக்கு இடம் குறைவு. ஒருவர் இறந்துவிட்டார் என்பதை எவரும் மறுத்தல் அரிது. விபத்துக்கும் நோய்க்கும் செய்யப்படும் காப்புறுதி அத்தகையதன்று. எது விபத்து, நோய் எப்போது தொடங்கியது, நோயாளி வேலைக்கு அறவே தகுதியற்றவரா என்பன யாவும் பத்திரத்தின் சொற்களைப் பொறுத்தவை. அச்சொற்களை எழுதுவதோ, பணம் கொடுக்க வேண்டிய கம்பெனி! இதனாலேயே அமெரிக்க ஐக்கிய நாட்டில் மாநில அரசாங்கங்கள் பத்திரத்தின் வாசகத்தைத் தாமே வகுக்க நேர்ந்தது.

மத்திய அரசாங்கம் இருக்க, இது மாநிலங்களின் பொறுப்பானது எவ்வாறு? நியூயார்க் தீக்காப்புறுதிக் கம்பெனிகளின் முகவர் ஒருவருக்கு, லைசென்ஸ் இன்றிப் பத்திரம் விற்றதற்காக வர்ஜீனியா மாநிலத்தில் 50 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. காப்புறுதிப் பத்திரம் வாணிபச் சரக்கு அன்று. ஆகவே அது மாநிலத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டது என்று 1869-ல் தீர்ப்பாயிற்று. அக்கொள்கையை 1944-ல் அதே நீதிமன்றம் கைவிட்டது. மறு ஆண்டே காங்கிரஸ் மெக்காரன் - பெர்குசன் சட்டத்தை இயற்றிப் பொறுப்பை மாநிலங்களிடமே விட்டது.

மாநிலக் காப்புறுதிக் கமிஷனர்களின் சங்கம் 1912-ல் மாதிரி வாசகங்களை வகுத்தது. 1950-ல் வரைந்த புதிய மாதிரிச் சட்டம் அதனினும் நுட்பமானது. பத்திரம் 10 பாயிண்டுக்குக் குறையாத எழுத்தில் அச்சிடப்படல் வேண்டும். கொடுப்பதைப் பெரிதாகவும் மறுப்பதைப் பொடி எழுத்திலும் அச்சிடுதல் கூடாது. எல்லாவற்றினும் முக்கியமானது மூன்றாண்டு விதி. பத்திரம் வழங்கி மூன்று ஆண்டு கடந்தபின், பெயர் சொல்லி விலக்கப்படாத ஒரு நோயை, "இது முன்னமேயே இருந்தது" எனக் கூறிப் பணம் மறுக்கக் கம்பெனிக்கு உரிமை இல்லை. ஆண்டுக்கணக்கில் பணம் கட்டியவரை நோய் வந்த நாளில் கைவிடும் வழக்கத்துக்கு இவ்விதி ஓரளவு அணையிட்டது.

ஆனால் பத்திரம் தபாலில் வந்தால்? நெப்ராஸ்கா மாநிலத்து ஒமாஹா நகரில் 1904-ல் பதிவான டிராவலர்ஸ் ஹெல்த் சங்கம் அவ்வாறுதான் நடந்தது. அதற்குச் சம்பள முகவர் கிடையாது, உறுப்பினரே நண்பர்களின் பெயரைக் கொடுப்பர், கடிதம் பறக்கும். வர்ஜீனியாவில் மட்டும் ஏறத்தாழ 800 பேர் சேர்ந்திருந்தனர். அனுமதி பெறாமல் விற்கலாகாது என வர்ஜீனியா தடுத்தபோது, ஒப்பந்தம் முடிவது ஒமாஹாவில்தான் எனச் சங்கம் வாதித்தது. 1950-ல் உச்ச நீதிமன்றம் ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில் வர்ஜீனியாவின் பக்கம் நின்றது. சாட்சிகள் வாழ்வது நோயாளியின் ஊரில். தொலைதூர மாநிலம் சென்று வழக்காடு என்பது அநீதி என்றது தீர்ப்பு. சிறு தொகைக்காக நாட்டின் பாதியைக் கடந்து செல்பவர் யார்?

அதே சங்கம் 1960-ல் மீண்டும் அங்கே வந்தது. இம்முறை மத்திய வாணிபக் கமிஷன், விளம்பரங்கள் ஏமாற்றுபவை என்று குற்றஞ்சாட்டியிருந்தது. மாநிலச் சட்டம் உள்ள இடத்தில் கமிஷனுக்கு வேலையில்லை என்று 1958-ல் வேறு இரு கம்பெனிகள் தொடர்பாகத் தீர்ப்பு இருந்தது. எங்கும் ஏமாற்றக் கூடாதென நெப்ராஸ்காவில் சட்டம் இருக்கிறதே என்று சங்கம் அதைப் பற்றிக்கொண்டது. நீதிபதிகள் இணங்கவில்லை. விற்பவரின் மாநிலச் சட்டம் போதாது. வாங்குபவர் வாழும் மாநிலத்தின் சட்டமே கணக்கில் கொள்ளத்தக்கது என்றனர்.

2010-ல் இயற்றிய மத்தியச் சட்டம், முன்னமேயே இருந்த நோயைக் காட்டி மறுப்பதைப் பெரும்பாலான மருத்துவக் காப்புறுதிகளில் 2014 முதல் தடுத்துவிட்டது. விபத்துக்கு மட்டும் ஈடு தரும் பத்திரங்கள் அதற்குப் புறம்பானவை. அவற்றைக் கண்காணிப்பவை இன்றும் பெரிதும் மாநிலக் கமிஷனர்களின் அலுவலகங்களே.