மெதனோல் எரிபொருட் கலத்தின் வரலாறு

மாத்தளை மாவட்டத்தில் மிளகுக்கொடி படர்வதற்குச் சீமைக்கிளுவை நடப்படுவதைப் பலரும் அறிவர். தேயிலை, இறப்பர், தென்னை ஆகியவற்றை அடுத்து, நான்காம் பெருந்தோட்டப் பயிராக அம்மரத்தை இலங்கை அரசு 2005ஆம் ஆண்டில் ஏற்றது. அதன் விறகால் மின்சாரம் ஆக்கலாம் என்பது அதற்கு ஒரு முதன்மைக் காரணம். விறகிலிருந்து மெதனோலைப் பெற்று, அதனைச் சுவாலையின்றியே மின்சாரமாக மாற்றும் வழியும் உண்டு. அவ்வழி கண்ட வரலாறு நெடியது.

காற்றுப் புகாது மரத்தைச் சூடாக்கி, எழும் ஆவியைக் குளிர்வித்து, 1661இல் பொயில் என்னும் அறிஞர் மெதனோலைப் பிரித்தெடுத்தார். மின்சாரம் நீரை ஐதரசனாகவும் ஒட்சிசனாகவும் பிரிக்குமாயின், அவை மீண்டும் கூடுங்கால் மின்சாரம் பிறத்தல் வேண்டுமன்றோ? இக்கருத்தை 1839இல் வில்லியம் குறோவ் செய்து காட்டினார். ஆயினும், ஐதரசன் வாயுவைக் காவிச் செல்லுதல் எளிதன்று. திரவமாகிய மெதனோலோ சிறு புட்டியில் அடங்கும். 1990களில் கலிபோர்ணியாவில் யோர்ச் ஓலா, இந்தியரான சூரிய பிரகாசு முதலியோர் மெதனோலை நேரே ஊட்டும் கலத்தை வளர்த்தெடுத்தனர்.

இக்கலத்தில் ஒரு மெதனோல் மூலக்கூறு நீருடன் தாக்கமுற்று ஆறு இலத்திரன்களை விடுவிக்கும். நிறைக்கு நிறை நோக்கின், மெதனோலில் அடங்கிய சத்தி இலிதியம் மின்கலத்தினதிலும் ஏறத்தாழ இருபது மடங்காகும். எனினும், இரு குறைகள் எதிர்ப்பட்டன. மெதனோல் மென்சவ்வைக் கடந்து மறுபுறம் கசிந்து வீணாயிற்று. விலைமிக்க பிளாத்தினமும் தேவைப்பட்டது. அழகப்பச் செட்டியாரின் கொடையால் காரைக்குடியில் எழுந்து, 1953இல் திறக்கப்பெற்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்து அறிஞரும் அக்கசிவைக் குறைக்கும் மென்சவ்வுகளை ஆராய்ந்தனர்.

2009இல் தோசிபா நிறுவனம் கைத்தொலைபேசிக்கு மின்னூட்டும் கருவியொன்றை யப்பானில் 3000 மட்டுமே விற்பனைக்கு விட்டது. இலிதியம் மின்கலமோ மலிந்து சந்தையை வென்றது. இன்று மெதனோற் கலம் மின்கம்பி எட்டாத தொலைவிடங்களில், கண்காணிப்புக் கருவிகளுக்கே பெரிதும் பயன்படுகின்றது.

உலகின் மெதனோலிற் பெரும்பகுதி இயற்கை வாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும் ஆக்கப்படுகின்றது. விறகை வாயுவாக்கியும் அதனைப் பெறலாம். ஆயின், மிளகுக்குத் தாங்கும் கம்பமாய் நின்று, தழையால் மண்ணுக்கு உரமும் ஊட்டும் மரத்தில் எத்துணை வெட்டலாம், எத்துணை விடவேண்டும் என்பதை ஆய்வுகூடம் மட்டும் தீர்மானித்தல் இயலாது. மாத்தளை உழவரையும் கேட்டே அதனைத் தீர்மானித்தல் வேண்டும்.