தலைச்சுமையும் சக்கரப் பெட்டியும்



கூலிம், பாடாங் செராய் வட்டாரத்துத் தோட்டக் குடும்பங்கள் சிலவற்றில் கட்டிலுக்கு அடியில் ஒரு பழைய தகரப் பெட்டியை இன்றும் காணலாம். பாட்டனாரோடு கப்பலேறி வந்த பெட்டி அது. அதே கூலிமில் 1996ஆம் ஆண்டு திறக்கப்பட்ட ஹைடெக் பூங்காவுக்கு வரும் பொறியாளரோ, சக்கரம் வைத்த பெட்டியை ஒற்றைக் கையால் இழுத்து வருகிறார். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வரலாற்றை இன்று காண்போம்.

கங்காணியின் பின்னே மலாயாவுக்குப் புறப்பட்ட நம் முன்னோர் பலரிடம் துணி மூட்டைதான் இருந்தது. மூட்டை எடை குறைந்தது. தலையிலும் நிற்கும், இடுப்பிலும் நிற்கும். ஆனால் மழைக்கும் திருட்டுக்கும் அது காவலாகாது. கையில் நாலு காசு சேர்ந்த பிறகு, ஊருக்குப் போய்வரத் தகரப் பெட்டி வாங்கினார்கள்.

1926இல் கட்டப்பட்ட 'ரஜூலா' கப்பல், 1973 வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் துறைமுகங்களை இணைத்து வந்தது. அதில் பெரும்பாலோர் அறையின்றித் தளத்திலேயே பாய்விரித்துப் பயணம் செய்தவர்கள். அவர்களுக்குப் பெட்டியே இருக்கை, பெட்டியே தலையணை, பெட்டியே பூட்டுள்ள அலமாரி. ஊர் திரும்புகையில் சேலைகளும் கோடரித் தைலப் புட்டிகளும் அதற்குள் அடங்கும். ஆகவே அது உறுதியாக இருக்க வேண்டியிருந்தது. உறுதி என்றால் அன்று கனம் என்றே பொருள்.

அந்தக் கனத்தைக் குறைக்க அன்றே ஏன் பெரும்பாலோர் முயலவில்லை? சக்கரம் மனிதகுலம் பல ஆயிரம் ஆண்டுகளாக அறிந்த பொருளாயிற்றே! காரணம் எளிது. வசதியுள்ளவரின் பெட்டியைத் துறைமுகக் கூலியாள் தூக்கினார். வசதியற்றவர் தம் பெட்டியைத் தாமே தூக்கினார். வாங்குபவருக்குப் பாரம் தெரியவில்லை. பாரம் தெரிந்தவரின் குரலோ பெட்டி செய்வோரை எட்டவில்லை.

விமானப் பயணம் பரவியபோது நிலைமை மாறியது. விமான நிலையங்கள் நீண்டன, சுமைதூக்குவோர் குறைந்தனர், செல்வரும் தம் பெட்டியைத் தாமே சுமக்க நேர்ந்தது. 1970இல் அமெரிக்கரான பெர்னார்டு சாடோ, பெட்டியின் அடியில் 4 சக்கரங்களைப் பொருத்தி, வாரால் இழுக்கும் முறையைக் கண்டார்; 1972இல் காப்புரிமையும் பெற்றார். கடைக்காரர்கள் முதலில் அதை ஏற்கத் தயங்கினார்கள். பின்னர் 1987இல் ராபர்ட் பிளாத் என்ற விமானி, பெட்டியை நிமிர்த்தி, 2 சக்கரமும் நீண்ட கைப்பிடியும் வைத்தார். முதலில் அதை வாங்கியவர்கள் விமானப் பணியாளர்களே.

நம் கடல்வழியும் அக்காலத்திலேயே முடிவுற்றது. ரஜூலாவுக்குப் பின் ஓடிய 'சிதம்பரம்' கப்பலில் 1985 பிப்ரவரியில் தீப்பற்றிப் பலர் மாண்டனர். அதன்பின் ஊருக்குப் போவோர் விமானத்தையே நாடினர். அங்கே ஒவ்வொரு கிலோவுக்கும் கணக்கு உண்டு. கைப்பெட்டி 7 கிலோவைத் தாண்டக் கூடாது என்று பல நிறுவனங்கள் விதிக்கின்றன. 3 கிலோ எடையுள்ள பெட்டியை வாங்கினால், பொருளுக்கு மிஞ்சுவது 4 கிலோதான்!

ஆயினும் சக்கரம் எல்லாருக்கும் பொருந்தாது என்பதையும் நாம் எண்ண வேண்டும். வழவழப்பான தரையில் ஓடும் சிறு சக்கரம், தோட்டத்துச் செம்மண் பாதையில் புதைந்து நிற்கும். சக்கரமும் கைப்பிடியும்கூட எடைதான். பேருந்தில் ஏறி, தங்கும் விடுதியின் மாடிப்படி ஏறும் ஆலைத் தொழிலாளிக்கு, அகன்ற தோள்வார் கொண்ட துணிப்பையே உகந்தது. முதியவருக்கு நிமிர்ந்தபடி தள்ளக்கூடிய 4 சக்கரப் பெட்டி நல்லது. பிள்ளையைத் தூக்கிச் செல்லும் தாய்க்கு இரு கைகளும் ஓய்வாக இருக்க வேண்டும்.

ஆகவே நேயர்களே, பெட்டி செய்ய முனையும் இளைஞர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, 'இதற்குள் எவ்வளவு கொள்ளும்?' என்பதன்று, 'இதை யார் தூக்குவார், எந்த வழியில் தூக்குவார்?' என்பதே. அந்தக் கேள்வியை அன்று பெரும்பாலோர் கேட்காததால்தான் நம் பாட்டனார் கழுத்து வலிக்கச் சுமந்தார். கட்டிலடியில் கிடக்கும் தகரப் பெட்டியை அடுத்தமுறை நகர்த்தும்போது, அதன் கனத்தைச் சற்று நினைத்துப் பார்ப்போமாக.